அண்ணிக்குப் பதில் நான் சொன்னது

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான்தான். ரேஷன் கார்டிலிருந்து மாத்திரை அட்டை வரைக்கும் எல்லாம் என்னிடம்தான் வரும். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொன்னால் என்னைப் படிக்கவைத்ததே வீண் என்று ஆகிவிடுமோ என்ற பயம்.

தொண்ணூறுகளின் நடுவில், மாமல்லபுரத்தை ஒட்டிய எங்கள் குப்பத்தில், அண்ணிக்கு இரண்டாவது பெண் பிறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அந்தப் பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய்விட்டது. குடம் தூக்கினாலே அவளுக்கு மூச்சு வாங்கும். அடுத்த பிள்ளை உடனே தங்காமலிருக்கக் காப்பர்-டி போட்டுக்கொண்டு உடம்பைத் தேற்றிக்கொள்ளச் சொன்னார் ஊருக்கு வரும் நர்சம்மா. அண்ணிக்கும் அதுதான் ஆசை. அண்ணனிடம் கேட்டாள்.

"எனக்கு இன்னா தெரியும்? தம்பி காலேஜ்ல கெமிஸ்ட்ரி படிக்கிறான்ல, அவன கேளு," என்றான் அண்ணன், வலையிலிருந்து தலையைத் தூக்காமலே.

"ஆமா, புள்ளைய பெத்ததே தம்பிதான? கேக்காம எப்பிடி?" என்று அண்ணி சிரித்தாள். ஆனாலும் என் பக்கம் திரும்பினாள். "இன்னா தம்பி, போட்டுக்கலாமா?"

அம்மா எதிரில் அந்தப் பேச்சே எனக்குக் கூச்சம். முடிந்தால் போதும் என்று இருந்தது.

"காப்பர்னா செம்பு. நம்ம வூட்டு செம்புக்கொடமே உப்புக்காத்துல பச்ச புடிச்சிக் கீது. வயித்துக்குள்ள இருந்தா இன்னா ஆவும்?"

"பாத்தியா, படிச்சவன் படிச்சவன்தான்," என்றாள் அம்மா. அடுத்த முறை நர்சம்மா வந்தபோது அண்ணி வெளியே வரவில்லை.

நான் சொன்னது தப்பு என்று கொஞ்ச நாளிலேயே நர்சம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வீட்டில் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் அண்ணிக்குத் தலைசுற்றலும் வாந்தியும் ஆரம்பித்துவிட்டன.

மூன்றாவது பிரசவத்துக்குச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்தம் ஏற்றித்தான் பிழைத்தாள். இன்னொன்றை உடம்பு தாங்காது, ஆபரேஷன் பண்ணிவிடலாமா என்று டாக்டரம்மா அண்ணனைக் கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தான்.

"இன்னாடா சொல்ற?"

"பண்ணிடச் சொல்லுண்ணே."

உள்ளே கட்டிலில் அண்ணி கண் திறந்துதான் படுத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே கேட்டாள்: "இந்த வாட்டியும் உங்கண்ணன் உன்னத்தான் கேட்டாரா, தம்பி?"

தலையாட்டினேன்.

"எனுக்கும் அதான் வோணும்னு இருந்திச்சு. கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்."