உடலைக் காட்டாத கட்டம்

சாவை வரையும்போது ஸ்டெனி முதலில் முழு ஆளையும் வரைந்துவிடுவான். திறந்த வாய், தண்ணீரில் விரிந்த முடி, சட்டையின் கடைசிப் பொத்தான் வரைக்கும். பிறகு ரப்பரை எடுத்துக் காலிலிருந்து மெல்ல மேலே அழித்துக்கொண்டு வருவான். ஒரு கை மட்டும் மிஞ்சும். சுண்டுவிரலால் தூளைத் தள்ளிவிட்டு, அழித்த இடத்தில் அலையைப் போடுவான்.

படக்கதை எழுதுகிறவர்களுக்குத் தெரிந்த வழிதான் இது. உடலைக் காட்டாதவரை செத்தவனைத் திரும்பக் கூட்டிவரலாம். கட்டத்துக்கு வெளியே நடந்தது யாருக்கும் தெரியாது. அடுத்த இதழில் அங்கே எதை வைத்தாலும், அது முன்பே நடந்ததாகிவிடும்.

குளச்சலில் பிளெக்ஸ் அடிக்கும் கடையில் ஸ்டெனிக்கு வேலை. கல்யாணம், திருவிழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவன் கைப்பட்டுத்தான் வெளியே போகும். கடை ஓரத்து ஜெராக்ஸ் மெஷினில் அவனுடைய 'ஆழிக்காரன்' படக்கதை அச்சாகும். கதையில் பாதி அவன் கூட்டாளி ஷாஜனுடையது. வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கும் விசைப்படகில் ஷாஜனுக்கு வேலை. கரைக்கு வரும்போதெல்லாம் கதையோடு வருவான். ஸ்டெனி கடலில் கால் நனைத்ததோடு சரி.

கடைசியாக வந்தபோது, "இந்தத் தடவ ஆழிக்காரனக் கொன்னுரு மக்கா" என்றான் ஷாஜன்.

"கொன்னுட்டு? பிறவு புக்கு யாரு வாங்குவா, உனக்க மாமியாரா?"

"நீ கொல்லுலே. மிச்சத்த வந்து சொல்லுதேன்."

ஸ்டெனி ஆழிக்காரனைப் புயலில் கொன்றான். வழக்கம்போலக் கை மட்டும். அந்த இதழை ஷாஜன் பார்க்கவில்லை. கடலில் நிஜமாகவே புயல் வந்தது. படகின் பலகை ஒன்று கரைக்கு வந்தது, ஆட்கள் வரவில்லை.

படகில் போன மற்றவர்களின் வீடுகளில் உடல் இல்லாமலேயே சர்ச்சில் இறுதிப் பூசை வைத்து, கல்லறையில் போட்டோவைப் பதித்தார்கள். ஷாஜனின் மனைவி ஜினிஷா கடைக்கு வந்தபோது, அஞ்சலி பிளெக்ஸுக்குப் படம் கொண்டுவந்திருக்கிறாள் என்றுதான் ஸ்டெனி நினைத்தான். அவள் கையில் இருந்தது ஆழிக்காரன் செத்த இதழ்.

"அண்ணே, இதுல உடம்பக் காட்டலயே."

"இல்ல."

"அப்ப வருவான், இல்லியா? உடம்பக் காட்டலண்ணா சாவலன்னு எனக்க மாப்பிள பறஞ்சு தந்திருக்காரு."

வருவான் என்று தலையாட்டினான். செத்தது வேறு ஆள் என்று எழுதலாம். எல்லாம் கனவு என்று எழுதலாம். அவன் தீவைத் தேர்ந்தெடுத்தான். லட்சத்தீவுப் பக்கம் பெயரில்லாத ஒரு தீவில் ஆழிக்காரன் நினைவு தப்பிக் கிடக்கிறான். பழைய கட்டத்தையே மறுபடி வரைந்து, அலைக்குப் பின்னால் ஒரு மரக்கட்டையைச் சேர்த்தான், அது முதலிலிருந்தே அங்கே மிதந்ததுபோல. அவள் முகம் கொஞ்சம் தெளியட்டும் என்று நினைத்தான், அவ்வளவுதான்.

கொஞ்சநாளில் ஷாஜனின் அம்மா லீலாபாய் கடைவாசலில் வந்து நின்று கத்தினாள்.

"ஏலே, எனக்க பிள்ளைக்கு ஒரு பூச வைக்க விடமாட்டேங்கா அவ. கொச்சிக்குப் போயிட்டு வாறவனுவகிட்ட எல்லாம் தீவுக்கு வழி கேக்கா. நீ என்னத்தலே எழுதி வச்சிருக்க?"

அவள் குரல் இறங்கியது.

"டெய்லி அவனுக்குச் சோறு போட்டு மூடி வைக்கா. நானும் அவனுக்க அப்பன் கடல்ல போயி வராதப்ப அப்பிடித்தான் வச்சேன். எத்தன வருசம்! மறுநாளு அந்தப் பழஞ்சோறத் தின்னது ஷாஜன்தான்."

அடுத்த இதழை ஸ்டெனி ரப்பரைத் தொடாமல் வரைந்தான். மண்டைக்காட்டுக் கடற்கரையில் ஆழிக்காரன் செத்துக் கிடந்தான். முகம், முடி, பொத்தான்கள், ஈரமணல் ஒட்டிய பாதங்கள். ஜினிஷாவிடம் அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் படத்தின் பாதம்வரை விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"நல்லா வரஞ்சிருக்கிய அண்ணே. ஆனா இது வேற ஆளு."

"ஜினிஷா, நாந்தானே வரஞ்சேன். அவன்தான்."

"முன்னயும் நீங்கதானே வரஞ்சிய? அப்ப வெறும் கை. பிறவு அதே படத்துல கட்ட வந்துது." புத்தகத்தை மூடித் திருப்பித் தந்தாள். "இதயும் மாத்துவிய."

ஒருமுறை மாற்றி எழுதியவன் அதன்பிறகு எதை முடித்தாலும் அது முடிவாகாது என்பது அவனுக்கே தெரியும். ஆழிக்காரன் அந்த இதழோடு நின்றது. ஷாஜனுக்குப் பூசை நடக்கவில்லை. அன்று, உள்ளே அடுப்பில் உலை கொதிக்கும் சத்தம் கேட்க, ஸ்டெனி அந்த வாசலிலிருந்து இறங்கி வந்தான். பிறகு அந்தத் தெருப்பக்கமே போகவில்லை.

மறுவருடம் தங்கை கல்யாணத்துக்குப் பிளெக்ஸ் அடிக்க ஜெமி வந்தான். ஷாஜனோடு ஒரே படகில் போனவன். மஞ்சள்காமாலை வந்து கடைசிப் பயணத்துக்குப் போகாததால் பிழைத்தவன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது, பேச்சுவாக்கில் சொன்னான்.

"கடைசிக்கு முந்தின பயணத்துல ஷாஜன் மிச்சக் கதயச் சொன்னான், கேட்டியா. ஆழிக்காரன் செத்து கரைக்கு வரணுமாம். இந்த ஒரு தடவ உடம்ப முழுசாக் காட்டச் சொல்லணும்ணான். ஆழிக்காரனுக்க பெண்டாட்டி அதப் பாத்து அழுது தீத்துட்டு, எழும்பிப் போய் அவ சோத்த அவ தின்னணுமாம்."