ஒறம்பரை இல்லாத ஆஸ்பத்திரி

எனக்கு டாக்டர் தேடியபோது என் அம்மா கேட்ட முதல் கேள்வி, அந்த ஆஸ்பத்திரிக்கு நம் ஒறம்பரை யாராவது போகிறார்களா என்பதுதான். டாக்டர் எப்படி, என் நோயைப் பற்றி அவருக்குத் தெரியுமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. சொந்தக்காரர் கண்ணில் படாத இடம் என்றால் அங்கே மாட்டு டாக்டர் ஊசி போட்டாலும் அம்மாவுக்குச் சம்மதம்.

எனக்கு இருப்பது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். பிறவியிலேயே வந்தது. மற்றவர்கள் நெஞ்சில் சளி தண்ணீராக ஊறும், எனக்குக் கோந்தாக ஊறும். காலையும் மாலையும் மெஷினில் மருந்துப் புகையை இழுத்து, குனிந்து, முதுகைத் தட்டச் சொல்லி, இருமி இருமி அதை வெளியே கொண்டுவர வேண்டும். மாத்திரை போடாமல் சாப்பிட்டால் செரிக்காது. எங்கள் பாலக்காட்டு வெயிலில் நெற்றி வியர்வை காய்ந்தால் உப்புப் பூத்து நிற்கும். ஆனால் கொல்லங்கோட்டிலிருந்து உடுமலைப்பேட்டை வரை எங்கள் சனத்தில் யாரைக் கேட்டாலும் எனக்கு 'வீசிங்'. அம்மா வைத்த பெயர் அது. வீசிங் என்றால் யாரும் பயப்பட மாட்டார்கள். தூதுவளை, ஆடாதொடை என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு இருபத்தேழு வயது. அத்தனை வருடமும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பரிமாறியிருக்கிறாள் அம்மா.

அதுவரை என்னைப் பார்த்தவர் பாலக்காட்டில் ஒரு குழந்தைகள் டாக்டர். சுவரெல்லாம் யானைக்குட்டி ஒட்டிய அறையில், அலறுகிற கைக்குழந்தைகளுக்கு நடுவே வளர்ந்த பெண் நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் ஒருநாள் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இனி நான் பாத்தாப் போதாதும்மா. இந்த நோய் இருக்கிற பெரியவங்களையே பாக்கிற இடத்துக்குப் போகணும்" என்றார். இரண்டு இடம் சொன்னார். ஒன்று கோயமுத்தூரில், இன்னொன்று கொச்சிப் பக்கம். "எங்கே போனாலும் ஒண்ணைக் கவனி. இதே நோய் இருக்கிறவங்களைப் பக்கத்துல பக்கத்துல உக்கார வெச்சா அங்கே நிக்காதே" என்றும் சொன்னார். எங்கள் நெஞ்சில் குடியிருக்கும் கிருமி ஊரில் யாரையும் பெரிதாக ஒன்றும் செய்யாது. எங்களில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போனால் மட்டும் மிச்சமிருக்கும் நுரையீரலையும் தின்றுவிடும்.

நான் யாரிடமும் கேட்காமல் கோவிந்தாபுரம் வழியாக பஸ் பிடித்து, பொள்ளாச்சியில் மாறி, கோயமுத்தூருக்குப் போனேன். அங்கே என்னை ஹாலில் உட்கார விடவில்லை. வந்ததும் ஒரு தனி அறைக்குள் அனுப்பிவிட்டார்கள். டாக்டர் ஒரு பெண், என் அம்மா வயதிருக்கும். குப்பியில் இருமச் சொன்னார். நான் துப்பியதை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இந்தப் பச்சை எப்ப இருந்து?" என்றார். சாம்பாரில் உப்பு சரியா என்று பார்ப்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டார். என் வாயிலிருந்து வருவதை அதற்கு முன் யாரும் அப்படி நேராகப் பார்த்ததில்லை. என் வீட்டில் எல்லோரும் அந்த நேரத்தில் எங்கேயாவது வேறு பக்கம் பார்ப்பார்கள். இவர்தான் என் டாக்டர் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

எனக்கு ஓர் அண்ணன் இருப்பதை முதலிலேயே கேட்டு எழுதிக்கொண்டவர், கிளம்பும்போது ஒன்று கேட்டார். "அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"பேசி முடிச்சாச்சுங்க. மாமன் மகள்."

"சொந்தமா? அப்ப ரெண்டு பேரும் ரத்தம் பாத்துட்டுச் செய்யட்டும்" என்றார். அம்மா, அப்பா இருவருமே இந்த நோயைத் தெரியாமல் சுமந்தால்தான் பிள்ளைக்கு அது வரும். சுமக்கிறவருக்கு ஒரு தும்மல்கூட வராது. என் அண்ணனும் சுமக்கலாம், அந்தப் பெண்ணும் சுமக்கலாம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள்.

"கோயமுத்தூரா? வேற வெனையே வேண்டாம் சாமி! அங்க பில்லுப் போடற எடத்துல ஆரு இருக்கறாங்கன்னு தெரியுமா? உங்கப்பனுக்குச் சித்தப்பன் மவன். அவன் கண்ணுல பட்டாப் போதும், பொழுதோட பொள்ளாச்சி பூராவும் போயிரும்."

"ரத்தம் பாக்கச் சொன்னாங்கம்மா."

"மாமன் ஊட்ல ஆருக்கு என்ன சீக்கு? பொண்ணு கிண்ணுன்னு இருக்கறா. பையன் பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. உன்ற சீக்கை அவங்களுக்குக் கொண்டி ஒட்டாதே. உங்கண்ணன் கல்யாணம் முடியட்டும், அதுவரைக்கும் கொச்சிக்குப் போலாம். அங்க நம்ம சனம் ஒருத்தரும் வர மாட்டாங்க."

அப்பா பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டார். எங்கள் வீட்டில் பேச வேண்டிய நேரத்திலெல்லாம் அவருக்குப் பேப்பர் படிக்க வேண்டியிருக்கும்.  தனியாக எதிர்த்து நிற்கும் அளவுக்கு அன்றைக்கு மூச்சு இல்லை. போய்த் தொலையலாம் என்றேன்.

கொச்சிக்குப் போவதை அக்கம்பக்கத்தில் குருவாயூருக்குப் போவதாகச் சொன்னாள் அம்மா. சாமியையும் பொய்யில் கூட்டுச் சேர்த்தாயிற்று.

அந்த ஆஸ்பத்திரியைப் பார்த்ததும் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். தரை பளபளவென்று இருந்தது, சுவர் நீளத்துக்கு மீன் தொட்டி இருந்தது. நான் பார்த்தது சோபாக்களை. ஒரே ஹாலில், ஒரே சோபா வரிசையில், எங்கள் நோய்க்காரர்கள் எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். டை கட்டிய ஒருவர் கையில் போனோடு சுற்றிக்கொண்டிருந்தார். அன்றைக்கு 'குடும்ப சங்கமம்' நடக்கிறதாம். போட்டோ எடுத்துப் போட வேண்டுமாம்.

"வரூ வரூ, அடுத்து வந்து இரிக்கூ. நம்மளெல்லாம் ஒரு குடும்பமல்லே?" என்று மற்றவர்கள் பக்கத்தில் உட்கார என் தோளைப் பிடித்துத் தள்ளினார்.

கருமம்! நோயைப் பார்க்க வந்த இடத்தில் நோயைக் கலந்து கொடுக்கிறார்கள், அதற்கு ஒரு போட்டோ வேறு. நான் கையை உதறிவிட்டுக் கதவோரமாகப் போய் நின்றேன். அம்மா, "என்ன அடம்?" என்று முணுமுணுத்தாள்.

அப்போதுதான் என் இருமல் கேட்டது. அடியிலிருந்து அரைத்துக்கொண்டு வந்து, தொண்டையில் சிக்கி, மறுபடி கீழே இறங்கும் இருமல். இருமியது நானல்ல. ஹாலின் அந்தக் கோடியில், ஜன்னலோரம் தனியாக ஒரு இளைஞன் முகமூடியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தான். பக்கத்தில் அவன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். பாதி முகம் முகமூடிக்குள் இருந்தாலும் அந்த மூக்குத்தியை எனக்குத் தெரியும். பரிசம் போட்ட அன்று எங்கள் வீட்டுக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள். மாமனின் மனைவி, எனக்கு அத்தை, அண்ணனுக்கு மாமியாராக வரப்போகிறவள். இருமியது பெங்களூர்ப் பையன்.

அம்மாவும் பார்த்துவிட்டாள். சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். அந்தப் பக்கம் அத்தையும் அதையே செய்தாள். இரண்டு பேரும் முக்காட்டுக்குள்ளிருந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடக் கொடுமையே! மறைக்க இடம் தேடியவர்கள் எல்லோரும் தேடிப் பிடித்து ஒரே இடத்துக்கு வந்திருக்கிறோம்.

கடைசியில் அத்தைதான் வந்தாள். "அம்மிணி, ஒரு டீ குடிச்சுட்டு வரலாமா?" என்று அம்மாவின் கையைப் பிடித்தாள். அம்மாவுக்கு அவள் அண்ணி முறை. "வாங்க நங்கையா" என்று அம்மா பின்னாலேயே போனாள்.

அவன் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். "கிட்ட வராதீங்க!"

"தெரியுமுங்க" என்றேன். ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கத்திப் பேசினோம். "பெங்களூருன்னு சொன்னாங்களே?"

"எங்கூட்டு மாடிதானுங்க பெங்களூரு. ஒறம்பரை வந்தாக் கீழ எறங்கக் கூடாது. இருமுனா டிவி சத்தத்தைக் கூட்டி வெப்பாங்க. நீங்க?"

"எனக்கு வீசிங்குங்க."

சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கும் அப்படித்தான் ஆகும். "உங்களுக்குத் தெரிஞ்சா கல்யாணம் நின்னுருமுன்னு அம்மா பயந்துட்டே இருந்தாங்க" என்றான். என் அம்மாவும் அதே பயத்தில்தான் என்னை இங்கே இழுத்து வந்திருந்தாள். அவனிடம் அதைச் சொன்னேன்.

அம்மாவும் அத்தையும் கை கோத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். இரண்டு முகத்திலும் வெளிச்சம். சரி, புத்தி வந்துவிட்டது, கல்யாணத்தை நிறுத்தி ரத்தம் பார்க்கப் போகிறார்கள் என்று நானும் நம்பித் தொலைத்தேன்.

"எல்லாம் நல்லதுக்குத்தான் கண்ணு" என்றாள் அத்தை. "இனி எனக்கு வெசனமே இல்ல. உங்கூட்லயும் இருக்குது, எங்கூட்லயும் இருக்குது. நாளைக்கு ஆரும் ஆரையும் கொற சொல்ல முடியாதல்ல? சரிக்குச் சரி."

"நங்கையா சொல்றது நாயந்தான்" என்றாள் அம்மா. "ஆம்பளைங்க காதுக்குப் போக வேண்டாம். தேதி மாத்த வேண்டாம்."

தூ! இரண்டு தட்டிலும் சாணியை வைத்துவிட்டு, தராசு நேராக நிற்கிறது என்று குதூகலப்பட்ட இரண்டு பேர். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் தப்பித்திருக்கக்கூடியது, இரண்டு பக்கமும் இருப்பதால்தான் பிள்ளை தலையில் விடியும். எந்தக் காரணத்துக்காகக் கல்யாணத்தை நிறுத்த வேண்டுமோ, அதையே பொருத்தம் என்று பார்த்துவிட்டார்கள். சொன்னேன். ரத்தத்தைப் பற்றி, பிறக்கப்போகிற குழந்தையைப் பற்றி, எனக்குத் தெரிந்த வரைக்கும் சொன்னேன்.

"அதெல்லாம் சாமி பாத்துக்கும்" என்றாள் அத்தை.

"உங்க பேரனையும் மாடியில ஒளிச்சு வெச்சுட்டு டிவியைக் கூட்டி வெப்பீங்களா?"

அத்தையின் முகம் மாறியது. "உனக்குத்தான் கல்யாணம் காட்சி ஆகாதுன்னு ஆயிருச்சு. உங்கண்ணனுக்காச்சும் நல்லது நடக்கட்டுமுன்னு உட மாட்டியா? பொறாமையா?"

அம்மா என் பக்கம் பேசுவாள் என்று ஒரு நொடி பார்த்தேன். அவள் மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நொடியில் எனக்கு எல்லோர் மேலும் அப்படி ஓர் அருவருப்பு வந்தது. அந்தப் பளபளத் தரையில் துப்பிவிட்டுப் போகலாம் போலிருந்தது. நான் துப்பினால் அது சாதாரணத் துப்பல் இல்லை, சுத்தம் செய்ய ஆள் வர வேண்டியிருக்கும்.

போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டேன். அம்மா பிடுங்க வந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, மூச்சிரைக்க இரைக்கக் கத்தினேன்.

"அண்ணா, மாமன் ஊட்டுப் பையன் பெங்களூர்ல இல்ல. இங்க இருக்கறான். எனக்கு இருக்கறதேதான் அவனுக்கும். நீயும் அந்தப் பொண்ணும் ரத்தம் பாக்காம தாலி கட்டக் கூடாது. கேக்குதா?"

அந்தப் பக்கம் டிராக்டர் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு நின்றது. "கேட்டுது" என்றான் அண்ணன்.

உள்ளே ஜன்னலோரத்திலிருந்து பையன் கண்ணாடியைத் தட்டினான். முகமூடியை இறக்கி, "எந் தங்கச்சிகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்று வாயசைத்தான்.

அதோடு எனக்கு ஆஸ்பத்திரி முடிவாயிற்று, கோயமுத்தூர்தான். அம்மா அன்றிலிருந்து என்னோடு சோற்றுக்கும் தண்ணீருக்கும் மட்டும் பேசினாள். அண்ணனும் அந்தப் பெண்ணும் அங்கேயே வந்து ரத்தம் கொடுத்தார்கள். முடிவு வாங்கப் போன அன்று பில் போடும் அந்த அப்பாவின் சித்தப்பன் மகன் கூண்டைவிட்டே வெளியே வந்து, "ஆருக்குங்க, என்னங்க?" என்று கேட்டார். நோயின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். பொழுதோட பொள்ளாச்சி பூராவும் போயிருக்கும், போகட்டும்.

இரண்டு பேரும் சுமக்கிறார்கள், பிறக்கும் பிள்ளைகளில் நாலுக்கு ஒன்று நோயோடு பிறக்கலாம் என்றார் டாக்டர். "கல்யாணம் வேண்டாம்னு நான் சொல்லலை. வயித்துல இருக்கும்போதே பாக்க வழி இருக்கு. யோசிச்சு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். அந்தப் பெண் அழவில்லை. அண்ணனிடம், "நீங்க என்ன சொல்றீங்களோ அதுதானுங்க" என்று சொல்லிவிட்டு உடுமலைப்பேட்டை பஸ்ஸில் ஏறினாள்.

நாங்கள் இந்தப் பக்கம் பஸ் ஏறினோம். கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டில் லாரிகளுக்குப் பின்னால் பஸ் நின்றபோது அண்ணன் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அம்மிணி, அந்த நாலுல ஒண்ணு பொறந்தா அது உன்னாட்டவே இருக்குமா?"

"என்னாட்டவேதாண்ணா இருக்கும்."

அவன் என் மெஷின் சத்தத்தைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டு வளர்ந்தவன். என் இருமலுக்கு நடுவே பரீட்சைக்குப் படித்தவன். நான் எப்படி இருக்கிறேன் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பஸ் கிளம்பி ஊர் வரப்போகும் நேரத்தில்தான் வாயைத் திறந்தான்.

"அப்ப இந்தக் கல்யாணம் வேண்டாம் அம்மிணி."

சரியான பதில். அதைக் கேட்கத்தான் அந்த ஆஸ்பத்திரி வாசலில் தொண்டை கிழியக் கத்தினேன். ஆனாலும், என்னைப் போல ஒன்று வேண்டாம் என்று என் கூடப் பிறந்தவன் வாயால் கேட்டபோது சுருக்கென்றது. இருமல் பிடித்துக்கொண்டது. பையில் குப்பியைத் தேடினேன், அகப்படவில்லை. அண்ணன் பையை வாங்கி, குப்பியை எடுத்து, மூடியைத் திருகி, என் வாயருகே பிடித்துக்கொண்டான். முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.