ஷாப்ளி பாட்டிலில் புளி

பஹ்ரைன் நாட்டு மனாமாவில் ஒரு ஹோட்டலில் ஸ்டோர்கீப்பராக இருந்தேன். எண்பதுகளின் நடுவில் ஒரு ஆகஸ்ட் மாதம் என் வேலை போயிருக்க வேண்டியது. காப்பாற்றியது புளி. சிரிக்காதீர்கள், நடந்ததைத்தான் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் பதினாறு பேருக்கு விருந்து. அதற்கென்று ஷாப்ளி என்ற பிரெஞ்சு வெள்ளை ஒயின் ஒரு கேஸ், பன்னிரண்டு பாட்டில், மூன்று நாள் முன்பே வந்திறங்கியிருந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. விலை கூடின சரக்காயிற்றே என்று நானாகவே சில்லர் என்ற குளிர்பெட்டியின் குமிழைக் கடைசிவரை திருகிக் குளிரை ஏற்றி, உள்ளே இறால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். குடிக்காதவன் புத்தி வேறு எப்படி இருக்கும்? சோடா எவ்வளவு சில்லோ அவ்வளவு ருசி என்பதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு.

மத்தியானம் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு பாட்டிலின் அடியிலும் பளபளவென்று பொடிச் சில்லு. மேனேஜர் குரியன் சார் கோட்டயத்துக்காரர். ஒன்றைத் திறந்து கடைசிச் சொட்டுவரை வெள்ளைத் தட்டில் வடித்தார்.

"எடா, எந்தாடா இது? கிளாஸ்! வர்றவங்க வாயில கிளாஸ் போடணுமா? எல்லாத்தையும் சிங்க்ல கொட்டு. உன் விசா நாளைக்கே கேன்சல். கலாஸ், எல்லாம் முடிஞ்சது!"

வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. ஊரில் தங்கை கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று. கொட்டப் போன கை, ஏனோ தட்டிலிருந்து ஒரு சில்லை எடுத்து நாக்கில் வைத்தது. மடத்தனம்தான், நீங்கள் செய்துவிடாதீர்கள். கடித்தேன். நறுக்கென்று உடைந்தது. அப்புறம் வந்தது பாருங்கள், ஒரு புளிப்பு! பஹ்ரைன் வருமுன் ஆறு வருஷம் திருநெல்வேலிப் புளி மண்டியில் ருசி பார்த்து ரகம் பிரித்தவன் நான். எனக்கா தெரியாது?

"சார், இது கிளாஸ் இல்ல சார். புளி!"

"உனக்கென்ன பைத்தியமாடா?"

சத்தம் கேட்டு வந்தார் எங்கள் பிரெஞ்சு ஷெஃப். ஒரு சில்லை வாயில் போட்டார். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "நோ கிளாஸ்! இவன் சொல்றது சரி!" அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் ஒரே தரம், அதனால் நன்றாகப் புரிந்தது. திராட்சையிலும் புளியிலும் இருப்பது ஒரே அமிலமாம். குளிர் மிஞ்சினால் அது உப்பாகப் படிந்துவிடும், ஒயினுக்கு ஒரு கேடும் இல்லை.

பிறகு தன் மேசையிலிருந்து வெளிறிய கல் ஒன்றைக் கொண்டுவந்தார். கல் முழுக்கக் கல்லாகிப்போன குட்டிக் குட்டிச் சிப்பிகள். ஷாப்ளி விளையும் மண் இதுதானாம், முன்னொரு காலத்தில் கடலடியாக இருந்ததாம். குளிர் ஊர் என்பதால் பழத்தில் புளிப்பு நிற்கும். இனிப்பு முழுதும் நொதித்துத் தீர்ந்துவிடும். ஒயினை டிரை என்று சொல்வது அதைத்தான்.

அடேயப்பா! பஹ்ரைன்காரர்கள் மூச்சடக்கி மூழ்கி முத்துச் சிப்பி எடுத்த கடல் எங்கள் ஹோட்டலுக்கு வெளியேதான் கிடந்தது. அங்கேயோ கடல் போய் எத்தனையோ கோடி வருஷம் ஆகியும் சிப்பி போகவில்லை. அதன்மேல் கொடி வேர்விட்டிருக்கிறது. அங்கே பழுத்த புளிப்பை என் மண்டி நாக்கு அடையாளம் கண்டுகொண்டது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"சில்லர்ல குளிரை இவ்வளவு ஏத்தினது யாரு?" என்றார் ஷெஃப்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பேன். அந்தக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை. "நான்தான் ஷெஃப்."

குரியன் சார் என்னையே பார்த்தார். "பதினொண்ணு பாக்கி இருக்கு. நிமிர்த்தி வை. ஊத்தும்போது அடியில ஒரு விரல் அளவு பாட்டில்லயே விட்டுடணும். நீயே கூட நின்னு பாத்துக்கோ."

விசா பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை. ஆனால் எந்தச் சரக்கில் சந்தேகம் வந்தாலும், "அந்தப் புளிக்காரனைக் கூப்பிடு" என்பார்.

ஸ்டோர் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: கொட்டுவதற்கு முன்னால் அது என்னவென்று பார். சரக்கானாலும் சரி, ஆளானாலும் சரி.