திருப்பிப் போட்ட மழைச்சட்டை

முன்னும் பின்னும் மாற்றிப் போட்ட மழைச்சட்டை. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். கையில் பாத்திரம் கழுவும் மஞ்சள் கையுறை. போன சனிக்கிழமை, இந்தக் கோலத்தில்தான் தைப்பிங்கில் ஒரு நிச்சயதார்த்த மண்டபத்துக்குள் நுழைந்தேன்.

வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்ற இரண்டு பெண்களும் தெளிப்பதா, வேண்டாமா என்று யோசித்தார்கள். பாவம்... சொட்டச் சொட்ட நிற்பவள் மேல் பன்னீர் எதற்கு?

"அக்கா, நீங்க... கேட்டரிங்கா?" என்றாள் ஒருத்தி.

"பொண்ணோட அத்தை," என்றேன்.

அவள் செம்பைக் கீழே போடாதது அதிசயம்.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன். இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்கு என் நீலநிறக் கப்சாயை, அந்தக் குட்டி மோட்டார் சைக்கிளைத் தெரியும். ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன் வாங்கப் போனதும் அதில்தான். எங்கள் ஊர் பத்து காஜாவிலிருந்து யார் கூப்பிட்ட இடத்துக்கும் நான் போவது அதில்தான். என் பெரியண்ணனுக்கு மட்டும் அந்த மோட்டாரைக் கண்டாலே ஆகாது.

அண்ணன் இருப்பது தைப்பிங்கில். அரசாங்க ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் ஷர்மிளாவுக்கு நல்ல இடத்தில் மாப்பிள்ளை அமைந்தது. யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். அப்பா டாக்டர், அம்மா பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்தவர். நாங்களோ ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிய வீட்டுப் பிள்ளைகள். எல்லாம் சரியாக நடக்க வேண்டுமே என்று அண்ணனுக்கு ஒரே படபடப்பு. அது எனக்குப் புரியாமல் இல்லை.

ஆனால் போன் செய்து என்ன சொன்னார் தெரியுமா?

"தங்கச்சி, மோட்டாருல வந்து நிக்காத. இப்பவே சொல்லிட்டேன்."

"ஏண்ணே?"

"ஏன்னு கேக்குறியா? தைப்பிங் மழை தெரியாதா உனக்கு? நனைஞ்ச கோழி மாதிரி சம்பந்தி முன்னால வந்து நிப்ப. மானம் போயிடும்லா! நம்ம குமாரு ஈப்போவிலேருந்து கார்ல வாரான். அவன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். நீ ரோட்டோரமா நில்லு, ஏத்திக்குவான்."

ரோட்டோரமா நில்லு! அந்த வார்த்தைதான் என்னைக் கிளப்பிவிட்டது.

நான் எவ்வளவு நின்றிருக்கிறேன் தெரியுமா? தோட்டத்து லாரிக்கு நின்றேன். பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நின்றேன். கல்யாணமான பிறகு, வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து ஏற்றிக்கொள்வார் என்று மார்க்கெட் வாசலில் காய்கறிப் பையோடு நின்றேன். அவர் காலமான பிறகு, யார் காரில் இடமிருக்கிறது என்று கேட்டுக் கேட்டு நின்றேன். நாற்பதைத் தாண்டித்தான் லைசென்ஸ் எடுத்தேன். அன்றிலிருந்து நானே கிளம்புகிறேன், நானே போய்ச் சேருகிறேன். அதை எந்தச் சம்பந்திக்காகவும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

"மோட்டாருலதான் வருவேண்ணே. ஒரு சொட்டு நனையாம வருவேன்."

"நனைஞ்சிருந்தா?"

"மோட்டார் சாவிய உங்க கையில குடுத்திடுறேன். அப்புறம் நீங்க எங்க நிக்கச் சொன்னாலும் நிக்கிறேன். போதுமா?"

இந்த வாய் இருக்கிறதே... மூளையைக் கேட்டுக்கொண்டு பேசுவதே இல்லை.

அண்ணன் சிரித்தார். "கால்ல போடுற ஸ்டோக்கினக்கூடத் தொட்டுப் பார்ப்பேன், ஆமா," என்று சொல்லிப் போனை வைத்தார்.

மறுநாளே ஈப்போவுக்குப் போனேன். மோட்டார் ஓட்டுகிறவர்களுக்கென்றே ஒரு பெரிய கடை. ஏசி, கண்ணாடி, உள்ளே மெல்லிசாகப் பாட்டு. மழைக்கோட்டைத் தடவிப் பார்த்தேன். நல்ல துணிதான், பொய் சொல்லக்கூடாது. விலைச் சீட்டைத் திருப்பினேன். அலாமாக்! அந்தக் காசில் என் மோட்டாருக்கு இரண்டு டயரும் மாற்றி, மிச்சத்தில் ஷர்மிளாவுக்கு ஒரு பட்டுச் சேலையும் எடுக்கலாம்.

"மேடம், என்ன பைக் ஓட்டுறீங்க?" என்று கேட்டார் விற்பனைக்காரர்.

"கப்சாய்."

அவர் கோட்டை மெதுவாக என் கையிலிருந்து வாங்கி, இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டார்.

ஏன்? மழை என்ன, எஞ்சின் சிசி பார்த்தா பெய்கிறது? பெரிய பைக் மேல் விழுகிற அதே தண்ணீர்தானே என் தலையிலும் விழுகிறது? வந்த கோபத்தில் நேராகப் பத்து காஜாவுக்குத் திரும்பி, நம்ம சீனத் தவுக்கேயின் இரும்புக்கடைக்குள் நுழைந்தேன். மண்வெட்டிக்கும் தகரத்துக்கும் நடுவே தொங்கியது நான் தேடியது. சட்டையும் கால்சட்டையுமாக இரண்டு உருப்படி. செம்பனைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் வாங்குகிற தடித்த மழையுடுப்பு. "அக்கா, பெசார்! பெசார்!" என்று என் அளவுக்கு இரண்டு மடங்கு பெரிதாக எடுத்துக் கொடுத்தார் தவுக்கே. பூட்ஸும் கையுறையும் அங்கேயே. எல்லாம் சேர்த்தாலும் அந்த ஏசிக் கடைக் கோட்டின் ஒரு கைக்குக்கூட ஆகாது.

வாங்கிவிட்டால் போதுமா? சோதித்துப் பார்க்க வேண்டாமா? ஒரு மத்தியானம் வானம் கறுத்தது. தெருவில் எல்லோரும் கொடித் துணியை எடுக்க ஓடினார்கள். நான் மோட்டாரை எடுத்துக்கொண்டு மழைக்குள் ஓடினேன். பக்கத்து ஊர் பாரிட் வரை போய்த் திரும்பினேன்.

வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தேன் பாருங்கள்... மீன் வளர்த்திருக்கலாம்!

எப்படி? மழைக் கால்சட்டையைப் பூட்ஸுக்குள் திணித்திருந்தேன். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் கை அப்படித்தான் செய்யும். அட்டை ஏறிவிடக்கூடாது என்று அம்மாவும் திணித்தார், அக்காவும் திணித்தார், நானும் திணித்தேன். காட்டுக்கு அது சரி. ரோட்டில் ஏது அட்டை? தொடையில் அடித்த மழையெல்லாம் வழுக்கிக்கொண்டு நேராகப் பூட்ஸுக்குள் இறங்கிவிட்டது. போதாததற்கு, ஜிப் வழியாகப் புகுந்த தண்ணீரில் நெஞ்சும் ஈரம்.

பக்கத்து வீட்டுத் தனம் பார்த்துவிட்டு, "சாவிய இப்பவே குடுத்திடுங்கக்கா, தைப்பிங் வரைக்கும் போற பெட்ரோலாவது மிச்சம்," என்றாள்.

விடுவேனா? கால்சட்டையை வெளியே இழுத்துவிட்டு, பூட்ஸுக்கு மேல் பழைய டியூப்பில் வெட்டிய ரப்பரை மாட்டினேன். சட்டைக்கு, இந்த நாட்டில் மோட்டார் ஓட்டுகிற எல்லோரும் காற்றுக்குச் செய்கிற அதே வேலை. திருப்பிப் போடுவது. ஜிப் முதுகுக்குப் போய்விடும், நெஞ்சுப் பக்கம் ஓட்டையே இல்லை. கழுத்தைச் சுற்றி ஒரு சின்னத் துண்டு. அடுத்த மழையில் மறுபடியும் பாரிட். திரும்பி வந்து பூட்ஸைக் கவிழ்த்தேன். ஒன்றும் விழவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கிளம்பினேன். சேலையை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி மோட்டாரின் பின்பெட்டிக்குள் வைத்தாயிற்று. ஈப்போவில் மண்டையைப் பிளக்கிற வெயில். சுங்கை சிப்புட், கோலகங்சார் தாண்டியும் வெயில்தான். அந்த வெயிலில் மழையுடுப்பைப் போட்டால் வேர்வையிலேயே நனைந்துவிடுவேன். நெடுஞ்சாலையை விட்டுப் பழைய ரோட்டில் போனதும் அதனால்தான், ஒதுங்க பஸ் ஸ்டாப் உண்டு. பாடாங் ரெங்காஸில் முதல் துளி விழுந்ததும் ஒரு பஸ் ஸ்டாப்பில் ஒதுங்கி உடுத்தினேன்.

சட்டையைப் போட்டாயிற்று... முதுகு ஜிப்பை யார் இழுப்பது?

பக்கத்தில் வாழைப்பழம் பொரித்து விற்ற மலாய்க்கார அக்காவிடம் முதுகைக் காட்டி நின்றேன். சிரித்துக்கொண்டே இழுத்து மூடிவிட்டார். தைப்பிங் போகிறேன் என்றதும், அங்கே இதைவிடப் பேயாக அடிக்கும் என்று மலாயில் எச்சரித்தார்.

பேயாகத்தான் அடித்தது. எதிரே ரோடு தெரியவில்லை. லாரி ஒன்று கடக்கும்போதெல்லாம் பக்கெட்டில் அள்ளி வீசினாற்போல் தண்ணீர். பயமாக இருந்ததா? இருந்தது. ரொம்ப அடித்தபோது இரண்டு பஸ் ஸ்டாப்பில் நிறுத்தினேன், மற்ற நேரம் இடது ஓரமாக ஊர்ந்தேன். போன் சேலையோடு பெட்டிக்குள் இருந்தது. அடித்ததா, இல்லையா, எனக்குத் தெரியாது. நேரமும் ஆகிக்கொண்டே போனது.

மண்டபத்துக்குள் நான் நுழைந்த கதையைத்தான் முதலிலேயே சொன்னேனே. அப்படியே பெண்கள் உடுத்தும் அறைக்குள் ஓடினேன். அங்கே ஜிப் சிக்கிக்கொண்டது. கை எட்டவில்லை, இழுத்தால் வரவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல்.

"கொஞ்சம் பொறுங்கோ... திரும்பி நில்லுங்கோ பாப்பம்."

கண்ணாடியில் பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மா! எந்தச் சம்பந்தி முன்னால் மானம் போய்விடும் என்று அண்ணன் பயந்தாரோ, அதே சம்பந்தி. பட்டுச் சேலையோடு என் முதுகுப் பக்கம் நின்று ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த மழைக்குள்ளை மோட்டச்சைக்கிளிலோ வந்தனீங்கள்? தனியவோ?"

"ஆமாங்க."

"எனக்கும் மோட்டச்சைக்கிள் ஓடிப் பழக ஆசை இருந்தது. வீட்டிலை விடேல்லை," என்றார். ஜிப் இறங்கியது. உள்ளே என் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். "அட, காஞ்சு போய்க் கிடக்கு! இதை எங்கை வாங்கினனீங்கள்?"

"இரும்புக்கடையிலங்க," என்றேன். இருவரும் சிரித்த சிரிப்பில் கதவு திறந்தது. ஷர்மிளா, பாதி அலங்காரத்தோடு.

"அத்தே! வந்துட்டீங்களா! அப்பா எங்க? நல்ல நேரம் போகுது, அப்பாவக் காணோம்!"

சேலையை அள்ளிச் சுற்றிக்கொண்டு நானும் தேடப் புறப்பட்டேன். அப்போதுதான் வாசலில் வந்து நின்றார் அண்ணன். குடை காற்றில் மடங்கிப்போயிருந்தது. பட்டுச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. வேட்டியில் முழங்கால் வரை சேறு.

"எங்கண்ணே போனீங்க?"

என்னைப் பார்த்ததும் அவருக்கு மூச்சு வந்தது. "போன் எடுக்க மாட்டியா நீ? எவ்வளவு நேரமா ஜங்ஷன்ல நிக்கிறேன் தெரியுமா? ஒவ்வொரு மோட்டாரா பாத்துக்கிட்டு..."

ஜங்ஷனில் ஒருவர் மடங்கிய குடையோடு நின்றதை நான் பார்த்தேன். யாரோ பாவம் என்று நினைத்துக் கடந்து வந்துவிட்டேன். என் கோலத்தில் அவருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை. ரோட்டோரமாக நின்றது கடைசியில் யார்? எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. மானத்துக்காக யாராவது இப்படி மழையில் நிற்பார்களா? தங்கச்சிக்காக நின்றிருக்கிறார்.

அதற்காக விட்டுவிட முடியுமா? காலுறையை நான் வேண்டுமென்றே கழற்றவில்லை. எல்லோர் முன்னிலையிலும் சேலையைக் கணுக்கால் வரை தூக்கிக் காட்டினேன்.

"தொட்டுப் பாருங்கண்ணே."

குனிந்து தொட்டே பார்த்தார். "காஞ்சுதான் இருக்கு," என்றார்.

"அப்ப நனைஞ்சவங்கதானே சாவியக் குடுக்கணும்?" என்று கையை நீட்டினேன்.

மண்டபமே சிரித்தது. சம்பந்தியம்மா கைதட்டினார். அண்ணன் ஈர இடுப்பிலிருந்து கார் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நான் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கார் எனக்கெதற்கு?

மறுநாள் காலை கிளம்பும்போதும் மழை. தைப்பிங் ஆயிற்றே! வாசலில் நின்று மழைச்சட்டையைத் திருப்பிப் போட்டேன். நான் கேட்காமலேயே அண்ணன் பின்னால் வந்து ஜிப்பைக் கழுத்து வரை இழுத்து மூடினார்.

"பாத்து, மெதுவாப் போ," என்றார்.

கவனித்தீர்களா? போ என்றார்!