வேல்சாமியின் தாடியும் மூக்காண்டியின் காதும்

சங்கரன்கோவிலில் மூக்காண்டி இருக்கிற பக்கம் யாரும் ரகசியம் பேசுவதில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் நின்று முணுமுணுத்தாலும் அவனுக்குத் தெரிந்துவிடும். ஒருமுறை ரயில் நிலையத்தில், சென்னை வண்டியின் ஏசி பெட்டிக்குள், மூடிய கண்ணாடிக்கு அப்பால், ஓர் அம்மாள் தன் வீட்டுக்காரரிடம் இட்லி ஊசிப்போன மாதிரி இருக்கிறது என்றாள். பிளாட்பாரத்தில் நின்ற மூக்காண்டி, அப்படியானால் தின்ன வேண்டாம் என்று கையை ஆட்டினான். அம்மாள் இட்லியைக் கீழே வைத்துவிட்டாள். வண்டி அப்போது ஓடிக்கொண்டிருந்தது. மணிக்கு நாற்பது மைல் வேகம் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். நான் இருபது என்று வைத்துக்கொள்கிறேன்.

தெருவில் அவனுக்குப் பாம்புச் செவிக்காரன் என்று பெயர். பாம்புக்கு வெளிக்காது கிடையாது. தரை அதிர்வதை வைத்துத்தான் அது பாதி விஷயம் தெரிந்துகொள்கிறது. கல்லூரியில் விலங்கியல் படித்தவள் என்பதால் எனக்கு இது தெரியும். தெருவுக்குத் தெரியாது. ஆகவே பெயர் எவ்வளவு பொருத்தமானது என்பதும் தெருவுக்குத் தெரியவில்லை.

மூக்காண்டிக்குக் காது கேட்காது.

அடியோடு கேட்காது என்றில்லை. லாரி ஹாரன் கேட்கும். கோவில் வேட்டு கேட்கும். பேச்சு மட்டும் தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி வரும். இருபத்திரண்டு வயதில் விசைத்தறிக் கூடத்தில் சேர்ந்தவன், இப்போது ஐம்பத்து நான்கு. ஒரே கூரைக்கு அடியில் இருபத்து நான்கு தறி ஓடும்போது தன் குரலே தனக்குக் கேட்காது. அதனால் அங்கே யாரும் குரலைச் செலவு செய்வதில்லை. சத்தம் போடாமல் வாயை அகலமாக அசைத்து உதட்டாலேயே பேசுவார்கள். நூல் அறுந்துவிட்டது, டீ வந்துவிட்டது, முதலாளி வருகிறார், எல்லாம் உதடுதான். தறி ஓட்டத்தில் பிசகு வந்தால் உள்ளங்காலில் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் இப்படி இருந்தவனுக்குத் தன் காது எந்த மாதம் போனது என்று தெரியவில்லை. அது போனதால் வேலை ஒன்றும் கெடவும் இல்லை.

முதலில் கண்டுபிடித்தது அவன் மனைவி முத்துத்தாய். பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டான். இரண்டு வருஷம் அதைத் திமிர் என்று நினைத்தாள். கல்யாணமான ஆண்கள் எல்லாருக்கும் வருவதுதான் என்று பக்கத்து வீட்டு அக்காவான நானும் ஆறுதல் சொன்னேன். பிறகு ஒரு நாள் குக்கர் பதினேழு விசில் அடித்துப் பருப்பு கூரையைத் தொட்டது. மூக்காண்டி அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு நாங்கள் இருவருமே எங்கள் கருத்தை மாற்றிக்கொண்டோம்.

அவர்களுக்கு ஒரே மகள், யோகலட்சுமி. ரத்தப் பரிசோதனை செய்கிற லேபில் வேலை பார்க்கிறாள். அவள்தான் அப்பாவைக் காது டாக்டர் ஷிரின் பானுவிடம் அழைத்துப் போனாள். அங்கே ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். மூக்காண்டி நூற்றுக்கு நூறு வாங்கினான். இருபது வயதுக் காது என்று டாக்டரே வியந்தார்.

"டாக்டர், அப்பாவைச் சுவரைப் பாத்து உக்காரச் சொல்லுங்க" என்றாள் யோகலட்சுமி. ஒவ்வொரு தடவை சத்தம் அனுப்பும்போதும் டாக்டரின் வலது புருவம் ஓர் இழை ஏறி இறங்கியதை அவளும் கவனித்திருந்தாள். அவனுடைய மகள்தானே.

சுவரைப் பார்த்து உட்கார்ந்ததும் மூக்காண்டி பொத்தானையே மறந்துவிட்டான். தாளில் கோடு கிணற்றுப் படி மாதிரி இறங்கியது.

முத்துத்தாய் கேள்விகளைச் சேர்த்துவைத்துக்கொண்டு போயிருந்தாள். "எண்ணெய் காய்ச்சி ஊத்தினா சரியாயிருமாம்மா?"

"எண்ணெயும் வேண்டாம், ஊக்கும் வேண்டாம், பட்ஸும் வேண்டாம். காதுக் குறும்பிதான் காதுக்குக் காவல். தானா வெளிய வரும். அடைச்சுக்கிட்டா எங்கிட்ட வாங்க."

"போன காது திரும்ப வருமா?"

"தறியில பாவு நூல் அறுந்தா முடிச்சுப் போடுவீங்க. உள்காதுல இருக்கிற இழை போயிட்டா முடிச்சுப் போட வழியில்ல. மிச்சத்தைக் காப்பாத்தலாம். தறிப் பக்கம் போகும்போது காதை முழுசா மூடுற மஃப் போடணும். பஞ்சு வச்சா பத்தாது. பேச்சுக் கேக்க ரெண்டு காதுக்கும் மிஷின் வைக்கலாம்."

"மிஷின் வச்சா இருக்கிற காதும் சோம்பேறியாப் போயிரும்னு சொல்லுதாவளே."

டாக்டர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடியும் போட்டுக்கொண்டார். அதுதான் பதில்.

மூக்காண்டிக்கு இதில் ஒன்றும் உடன்பாடில்லை. "எனக்குச் சத்தமெல்லாம் கேக்குது தாயி. நீங்கள்லாந்தான் இப்பம் வாய்க்குள்ளயே பேசுதிய."

"ச, த மாதிரி கீச்சுன்னு மெல்லிசா வர்ற சத்தம்தான் முதல்ல போகும். அதனாலதான் பேச்சு வந்தும் வெளங்கல" என்றார் டாக்டர், அவன் முகத்துக்கு நேராக.

முத்துத்தாய் கடைசிக் கேள்வியைக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "பிள்ளைக்கும் இது வந்துருமா?"

"உங்க வீட்டுக்காரருக்கு இதைத் தறி கொடுத்திருக்கு. ரத்தத்துல வந்தது இல்ல."

ரத்தத்தில் வந்ததில்லை என்று தாளில் எழுதித் தரச் சொன்னாள் முத்துத்தாய். காரணம் இருந்தது. போன வருஷம் குருவிகுளத்திலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள், அப்பனுக்குக் காது மந்தம் என்று எங்கேயோ கேள்விப்பட்டு வராமலே நின்றுவிட்டார்கள். அதிலிருந்து மூக்காண்டி ஒரு தீர்மானத்தில் இருந்தான். மகள் கல்யாணம் முடிகிற வரை மிஷினும் கிடையாது, மஃபும் கிடையாது, காது என்ற பேச்சும் கிடையாது.

யோகலட்சுமி அதற்குள் பதினோரு போட்டோக்களை வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். பன்னிரண்டாவது போட்டோ ராயகிரி மாரிக்கண்ணனுடையது. தாலுகா ஆபீஸில் வேலை. அந்தப் போட்டோவை அவள் இரண்டு தடவை பார்த்தாள். எங்கள் தெருவில் அதற்குச் சம்மதம் என்று பெயர்.

"யப்பா, உள்ளதைச் சொல்லிருவோம்" என்றாள்.

"செவிட்டுக் குடும்பம்னு எந்திரிச்சுப் போயிருவாவ. உனக்கு இந்த இடம் பிடிச்சிருக்கா இல்லையா?"

அவள் போட்டோவை மறுபடியும் கையில் எடுத்தாள்.

"பெறகு என்னத்துக்குட்டி பேசுத? வாயைப் பாத்தா நான் சமாளிச்சிருவேன்."

பெண் பார்க்கிற நாளுக்கு ஏற்பாடுகள் பலமாக இருந்தன. விருந்தாளி நாற்காலி ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி போடப்பட்டது. முத்துத்தாய் எதிரே நின்று, ஆமாம் என்றால் தாலிச் செயினைத் தொடுவாள், இல்லை என்றால் கம்மலைத் தொடுவாள். உதவிக்கு நான் இருந்தேன். எனக்குக் கொடுத்த வேலை, வாயைத் திறக்காமல் இருப்பது.

மனைவியும் மகனும் பின்னால் வர, மாப்பிள்ளையின் அப்பா வேல்சாமி வாசலில் குனிந்து உள்ளே வந்தார். நாங்கள் மூன்று பேரும் அவர் முகத்தைப் பார்த்தோம். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அவருக்கு வாய் இருக்கும் இடம் உத்தேசமாகத்தான் தெரிந்தது. மீசை இறங்கி வந்து தாடியோடு கலந்து, தாடி நெஞ்சு வரை போயிருந்தது. ஒரு குருவி கூடு கட்டி, குஞ்சு பொரித்து, குஞ்சுகளுக்கும் கல்யாணம் முடித்துக் குடிவைத்திருக்கலாம். இடம் இருந்தது.

"மகனுக்குப் பொண்ணு அமையிற மட்டும் முகத்துல கத்தி வைக்கமாட்டேன்னு சாஸ்தாவுக்கு நேந்துட்டாவ" என்று அவர் மனைவி விளக்கினாள். "பதினாலு மாசமாச்சு. நானும் முகத்தை மறந்துட்டேன்."

ஆகக் காரியம் இப்படி நின்றது. இந்தச் சம்பந்தம் அமைந்தால்தான் தாடி எடுப்பார். தாடி எடுத்தால்தான் அவர் பேசுவது மூக்காண்டிக்கு விளங்கும். விளங்கினால்தான் சம்பந்தம் அமையும்.

தாடி அசைந்தது. "மழை உண்டுமா இந்தப் பக்கம்?"

முத்துத்தாய் கம்மலைத் தொட்டாள். மூக்காண்டி தலையை ஆட்டி இல்லை என்றான்.

"எங்க பக்கமும் இல்ல. தறி வேலை எப்படி, தினமும் உண்டுமா?"

முத்துத்தாய் செயினைத் தொட்டாள். "ஆமாண்ணாச்சி" என்றான். தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவன் மாதிரி அவன் நெற்றியில் வேர்வை. ஆனாலும் வண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் அடுக்களையில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. முத்துத்தாய் உள்ளே ஓடினாள். எதிரே நான் மட்டும் இருந்தேன். எனக்கு இரண்டு காதிலும் கம்மல் கிடையாது. அதைப்பற்றி யாரும் யோசித்திருக்கவில்லை.

வேல்சாமி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "தப்பா நினைக்கக் கூடாது. எங்க ஊருல ஒரு ஆளு போன் போட்டுச் சொன்னான். உங்களுக்குக் காது கேக்காதாமே. நெசந்தானா?"

மூக்காண்டி தாடியைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். இதுவரை ஒன்றுக்கு இல்லை என்றும் ஒன்றுக்கு ஆமாம் என்றும் சொல்லியாயிற்று. ஆமாம் என்றதில்தான் தாடி சிரித்த மாதிரி தெரிந்தது.

"ஆமாண்ணாச்சி" என்றான், முகம் மலர. "எல்லாம் கோமதியம்மன் புண்ணியம்."

மாப்பிள்ளை மாரிக்கண்ணன் தன் கைக்குட்டையை நான்காக மடித்து, எட்டாக மடித்தான்.

வேல்சாமி வெகுநேரம் தாடியைத் தடவினார். "பொண்ணு வீட்டுல கேட்டதும் இப்படிப் பளிச்சுனு ஒத்துக்கிட்ட ஆளை நான் பாத்ததில்ல" என்று மனைவியிடம் சொன்னார். மூக்காண்டி பக்கம் திரும்பினார். "உங்க நேர்மை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா இன்னொண்ணு கேக்கணும். பிள்ளைக்கும் இந்தக் கோளாறு உண்டுமா?"

"தாராளமா" என்றான் மூக்காண்டி.

வாயைத் திறக்காமல் இருக்கவேண்டிய வேலையை நான் அதுவரை ஒழுங்காகச் செய்தேன். அதற்குமேல் முடியவில்லை. "ஏலே கோட்டிப் பயலே" என்றேன். அது அவனுக்கு நன்றாகவே விளங்கியது. என் முகத்தில் தாடி இல்லை.

முத்துத்தாய் பின்னால் வர, யோகலட்சுமி அடுக்களையிலிருந்து காப்பித் தட்டோடு வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. நேரே வேல்சாமியிடம் போய் ஒரு டம்ளரை எடுத்துக் கொடுத்தாள்.

"குடிச்சுப் பாருங்க மாமா. சர்க்கரை கம்மியாத்தான் போட்ருக்கேன்."

"எனக்குச் சர்க்கரை கம்மியா வேணும்னு ஒனக்கு யாரும்மா சொன்னா?"

"நீங்கதான். தெரு முனையில வரும்போது அத்தைட்ட சொல்லிட்டு வந்திய. வாசல்ல செருப்பெல்லாம் தாறுமாறாக் கெடக்கு, வீட்டுல ஒழுங்கு எப்படியோன்னும் சொன்னிய. பின்வாசல் வழியாப் போய் அடுக்கி வச்சிட்டேன். அதுலதான் பால் பொங்கிருச்சு."

வேல்சாமி ஒரு மடக்குக் குடித்தார். தாடிக்கு மேலே தெரிந்த இரண்டு கன்னமும் சிவந்தன.

"எனக்குக் காது நல்லாக் கேக்கும். அப்பாவுக்குத் தறிச் சத்தத்துல போனது, பிறவில வந்ததில்ல. டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் இருக்கு" என்றாள். பிறகு அப்பாவின் முன்னால் உட்கார்ந்து, அவனிடம் என்ன கேட்டார்கள், அவன் என்ன சொன்னான் என்பதை உதட்டால் நிதானமாகச் சொன்னாள். சத்தமில்லாமல், தறிக்கூடத்துப் பேச்சில்.

மூக்காண்டியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போனது. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, நீங்க பேசினது ஒண்ணும் எனக்குத் தெரியாது. தாடிதான் தெரிஞ்சுது. அவ நல்ல பிள்ளை. என் காதை வச்சு அவளை எடை போட்றாதிய."

வேல்சாமி டம்ளரைக் கீழே வைத்தார். இரண்டு கையாலும் மீசையை இரண்டு பக்கமும் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பதினாலு மாதத்துக்குப் பிறகு ஒரு வாய் வெளியே வந்தது. அதை அகலமாகத் திறந்து மூடி அவர் கேட்டார்.

"மிஷின் வச்சா கேக்குமா?"

"கேக்கும்னு சொல்லுதாவ."

"பெறகு ஏன் வே வைக்கல?"

"நீங்க பாத்துருவியன்னுதான்."

மீசையைப் பிடித்தபடியே அவர் சிரித்தார். கை வழுக்கி, வாய் மறைந்து, மறுபடியும் தூக்கிக்கொண்டார். "கல்யாணத்துக்கு நீரு மிஷினோட வாரும். நான் மீசை இல்லாம வாரேன். செரியா?"

இதற்கு முத்துத்தாய் எதையும் தொடவேண்டியிருக்கவில்லை.

அடுத்த வாரமே இரண்டு காதுக்கும் மிஷின் வந்தது. முதல் நாள் மூக்காண்டி வீட்டில் எலி இருப்பதாகச் சொன்னான். அது அவன் படிக்கிற பேப்பரின் சரசரப்பு. தறிக்கூடத்துக்குப் போகும்போது மிஷினைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு மஃபை மாட்டிக்கொள்கிறான். காதை அடைத்துக்கொண்டால் பேச்சு எப்படிக் கேட்கும் என்று கூடத்தில் யாரும் கேட்கவில்லை. அங்கே யார் காதால் கேட்டார்கள்? மறுமாதம் இன்னும் நாலு பேர் மஃபோடு வந்தார்கள்.

கல்யாணம் கார்த்திகையில். மண்டபத்தில் தவில், நாகஸ்வரம், அதற்கு மேல் ஆள் உயர ஸ்பீக்கர். பக்கத்தில் இருப்பவர் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை. மூக்காண்டி மிஷின் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு வாசலில் நின்று வந்தவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். வேல்சாமி மழமழவென்று, யாரோ புது ஆள் மாதிரி, பந்தியின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் நடுவே முந்நூறு பேர்.

வேல்சாமி மனைவி பக்கம் சாய்ந்து, "அவியல்ல உப்பே இல்ல. யார்ட்டயும் சொல்லிராத" என்றார்.

ஒரு நிமிஷத்தில் பரிமாறுகிறவர் உப்புக் கிண்ணத்தோடு வந்து நின்றார். "பொண்ணோட அப்பா குடுத்து விட்டாவ."

வேல்சாமி நிமிர்ந்து பார்த்தார். வாசலில் மூக்காண்டி கும்பிட்டான்.

மறுவீட்டு விருந்துக்கு வந்தபோது அவர் மேலுதட்டில் நாலு நாள் மீசை இருந்தது. நேர்த்திக்கடன்தான் முடிந்துவிட்டதே, பிறகு எதற்கு என்று கேட்டேன். ராயகிரிக்காரனுக்கு மீசை இல்லாவிட்டால் முகம் எடுக்காது என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

மூக்காண்டி காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய், மிஷின் சத்தத்தை ஒரு புள்ளி கூட்டி வைத்துக்கொண்டான்.