போர்வைக்குள் வைத்த லேப்டாப்

கடைத்தெருவில் அவரைச் சாட்சி என்றால்தான் தெரியும். லேப்டாப் பழுது பார்க்கிற மனுஷனுக்கு இப்படி ஒரு பட்டப்பெயர் எதற்கு என்று கேட்டால், அவருடைய பிடிவாதத்தைத்தான் சொல்ல வேண்டும். எந்த மெஷினாக இருந்தாலும் சரி, அது மக்கர் பண்ணுவதைத் தன் கண்ணால் பார்க்காமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்ற மாட்டார். "என் முன்னாடி ஒரு தடவை படுக்கட்டும், அப்புறம் திறக்கிறேன்" என்பார். வேலைக்கு அவசரம் என்று கெஞ்சினாலும் சரி, கத்தினாலும் சரி, மசிய மாட்டார்.

அதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. தொழிலுக்கு வந்த புதிதில், கொண்டு வந்ததையெல்லாம் குடைந்து பார்த்து, நன்றாக இருந்ததையும் கெடுத்து, வாங்காத பேச்செல்லாம் வாங்கியிருக்கிறார். சூடு கண்ட பிறகுதான் இந்த விதியை வைத்துக்கொண்டார். ஆனால் விதி என்பது நாளாக ஆக மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும், பாருங்கள், அங்கேதான் வந்தது வினை. பிற்பாடு அதை ஒரு பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவருக்கு ஒரே தங்கை. தங்கையின் கணவன் கப்பலில் வேலை பார்க்கிறவன், வருஷத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். தவழ ஆரம்பிக்காத கைக்குழந்தையோடு அவள் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் தனியாக இருந்தாள். வெயில் எட்டிக்கூடப் பார்க்காத வீடு. குளிர்காலத்தில் தரையில் கால் வைக்க முடியாது. குழந்தை தூங்குகிற நேரத்தில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பாள். அந்த லேப்டாப்தான் திடீரென்று தகராறு பண்ண ஆரம்பித்தது. பட்டனை அழுத்தினால் ஒரு வெளிச்சம் மினுக்கென்று வந்து அணைந்துவிடும். சில நாள் பத்துத் தடவை அழுத்தினாலும் செத்த பிணம்தான். சில நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து வேலை செய்யும்.

மறைத்து வைத்துக் கண்ணாமூச்சி காட்டுவதில் எனக்கு இஷ்டமில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். அதன் வயிற்றுக்குள் பேட்டரி வீங்கிக்கொண்டிருந்தது. வீங்கி வீங்கி, மேலே இருந்த போர்டை முட்டி வளைத்து, ஈயம் வைத்துப் பற்றவைத்த ஓரிடத்தில் விரிசல் விட்டிருந்தது. குளிரில் விரிசல் பிரியும், சூட்டில் ஒட்டும். அடிமூடியைத் திறந்து ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும், கதை அங்கேயே முடிந்திருக்கும்.

தங்கை அதைத் தூக்கிக்கொண்டு அண்ணன் கடைக்கு வந்தாள். கடை என்றால் மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து. ஜன்னல் கிடையாது. முகத்துக்கு நேரே விளக்கு, பக்கத்தில் ஈயம் உருக்குகிற மெஷின், உள்ளே போனாலே வேர்க்கும். அந்தப் புழுக்கத்தில் லேப்டாப் முதல் அழுத்தலிலேயே பல்லை இளித்துக்கொண்டு எழுந்தது. அவர் சார்ஜரை மாற்றிப் பார்த்தார், சார்ஜர் இல்லாமல் பார்த்தார், பட்டனை நிறைய நேரம் அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி போட்டார். கல்லு மாதிரி நின்றது. எடுத்துக்கொண்டு போ என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலையில் வீட்டில் லேப்டாப் மறுபடி பிணம். மறுபடி கடைக்கு வந்தாள், மறுபடி எழுந்தது. கூடவே அவள் இன்னும் இரண்டு சங்கதி சொன்னாள்: மேசையில் வைத்தால் ஆடுகிறது, விரலால் தடவுகிற இடத்தை அழுத்தினால் அமுங்கவே மாட்டேன் என்கிறது. மேசைக் காலுக்குக் கீழே அட்டையை மடித்து வை, ஒரு மவுஸ் வாங்கிக்கொள் என்றார் அண்ணன். எப்பேர்ப்பட்ட ஆலோசனை! அவள் அப்படியே செய்தாள். சின்ன வயதிலிருந்து சைக்கிள் செயின் முதல் ரேடியோ வரை அண்ணன் தொட்டால் சரியாகிவிடும் என்று வளர்ந்தவள். அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

திரும்பவும் ஒரு நாள் வந்து நின்றபோது கடையில் நாலு பேர் இருந்தார்கள். லேப்டாப் வழக்கம் போல ஜம்மென்று எழுந்தது. ஒரு தடவை திறந்துதான் பாரேன் என்று தங்கை கேட்டாள். கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்குக் கிண்டல் பொத்துக்கொண்டு வந்தது.

"உன் வீட்டுல அதுக்குக் குளிருதும்மா. நல்லா போர்வை போத்திப் படுக்க வை. தானா எழுந்திரிச்சிடும்."

நாலு பேரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்குப் போய் அதைச் செய்தாள்.

செய்தது பலித்தும் தொலைத்தது. கதகதப்பு ஏறியதும் விரிசல் ஒட்டிக்கொண்டது, லேப்டாப் எழுந்தது. ஒருநாள் பலித்தால் யாருக்கும் மறுநாளும் செய்யத் தோன்றும். அந்த வீட்டில் கதகதப்பான இடம் என்றால் ஒன்றே ஒன்றுதான், குழந்தையின் படுக்கை. பாடம் நடத்துகிற நேரத்துக்கு முன்னால், தூங்குகிற பிள்ளையின் கால்மாட்டில், கனத்த போர்வைக்குள் லேப்டாப்பைச் செருகி, சார்ஜரையும் குத்திவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். பிள்ளையின் சூடு அதற்கு, அதன் சூடு பிள்ளைக்கு. உள்ளே வீக்கம் ஏறிக்கொண்டே போனது.

அண்ணன் கைவேலையாக இருந்த ஒரு பகலில் அவள் போன் பண்ணி, "அண்ணே, உன் வைத்தியம் பலிச்சிருச்சு" என்றாள். என்ன வைத்தியம் என்று ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை. நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பிறகு ஒரு சாயங்காலம், பக்கத்துத் தெரு தையல்காரர் தன் மகனுடைய லேப்டாப்பைக் கொண்டு வந்தார். அது அசல் பிணம். சாட்சியே கண்ணால் பார்த்துவிட்டதால் தடையில்லாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். பலகையில் வைத்ததும் அது லேசாக ஆடியது. தடவுகிற இடத்தை அழுத்தினார், அமுங்கவில்லை. அடிமூடியைக் கழற்றினால், உள்ளே வெள்ளிக் காகிதம் சுற்றிய பேட்டரி தலையணை மாதிரி உப்பிக் கிடந்தது. ஒரு தித்திப்பு வாடை அடித்தது. இது மாதிரி எத்தனையோ பார்த்தவர்தான். ஆனாலும் கை அப்படியே நின்றுவிட்டது.

தங்கை வீட்டு மேசையில் அவர் எத்தனையோ முறை உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். அது ஆடியதே இல்லை.

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். போன் போட்டார். சோப்பு வாங்கக் கீழே கடைக்கு வந்திருப்பதாகச் சொன்னாள் தங்கை. லேப்டாப் எங்கே என்று கேட்டார்.

"பாப்பா போர்வைக்குள்ளதான். நீ சொன்ன மாதிரி. ரெண்டும் தூங்குது" என்று சிரித்தாள்.

குரலை உயர்த்தினால் அவள் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்பாள் என்று அவருக்கு ஒரு பயம். மெதுவாகத்தான் சொன்னார்.

"வீட்டுக்கு ஓடு. பிள்ளைய மட்டும் தூக்கு. லேப்டாப்ப தொடாத. கீழ இறங்கி வந்துடு."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. அண்ணன் சொன்னால் மறுபேச்சு கிடையாதே. தையல்காரரைக் கடையிலேயே விட்டுவிட்டு அவரும் ஓடினார். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. தெருவெல்லாம் சந்தை நெரிசல், யார் யாரையோ இடித்துத் தள்ளினார். காதில் அவளுடைய மூச்சு, படிக்கட்டில் செருப்புச் சத்தம், பூட்டில் சாவி மாட்டாமல் இடறுகிற சத்தம். கதவு திறந்தது. அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. போன் அவள் கையிலிருந்து விழுந்து அணைந்துவிட்டது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தங்கச்சி தங்கச்சி என்று போனுக்குள் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார். தூரத்தில் பட்டாசு வெடித்த மாதிரி ஒன்று கேட்டது.

தெருமுனை திரும்பியபோது மேல்மாடி ஜன்னலில் கரும்புகை தள்ளிக்கொண்டிருந்தது. கீழே கூட்டம். நடுவில் தங்கை, மார்போடு பிள்ளையை அணைத்தபடி நின்றிருந்தாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு குதிகால் மட்டும் சிவந்திருந்தது. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாதிப் படிக்கட்டு இறங்கும்போது வெடித்திருக்கிறது. போர்வை, படுக்கை, தொட்டில் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன.

அவருக்கு அழுகை பீறிட்டது. தங்கை அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்த முகத்தில், இருந்திருந்தால் தாங்கியிருப்பார்.

"நீ சொன்னேன்னுதானே அண்ணே வச்சேன்."

அவ்வளவுதான் சொன்னாள். தீயணைப்பு வண்டிக்காரர் வந்து, வீட்டுக்காரி யார், உள்ளே கேஸ் எங்கே இருக்கிறது, கூட வந்து காட்டுங்கள் என்று அவசரப்படுத்தினார். பிள்ளையை யாரிடமாவது கொடுத்தாக வேண்டும். சாட்சி இரண்டு கையையும் நீட்டினார். தங்கை அந்தக் கைகளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, படிக்கட்டில் தண்ணீர் சிந்துகிறது என்று தினமும் அவளோடு சண்டை போடுகிற கீழ்வீட்டுப் பெண்ணிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வண்டிக்காரரோடு போனாள்.