போர்வையோடு ஏறிய எடை

எங்கள் குழந்தைகள் நல நிலையத்தில் எடை பார்ப்பவளுக்குக் 'கிராம் அக்கா' என்று பெயர். கிலோ என்ற சொல்லே அவள் வாயில் வராது. பத்தொன்பது வருடமாக அதே மேசை. பக்கத்து மேசையில் தடுப்பூசி போடுவது நான். பிள்ளைகள் அவளிடம் சிரித்துவிட்டு என்னிடம் வந்து வீறிடும். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்றும் உண்டு.

அக்கா கறாரானவள். இடுப்புத் துணியோடுகூடத் தராசில் ஏற்ற மாட்டாள். "எடை புள்ளைக்கா, சட்டைக்கா?" என்பாள். தான் எழுதும் எடை அட்டையில் அடித்தல் திருத்தல் கிடையாது என்று கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஒன்றரை மாதத் தலைப்பிள்ளையோடு ஒரு பெண் வந்தாள். அக்கா துணியை உருவிவிட்டுப் பையனைத் தராசில் கிடத்தினாள். மூவாயிரத்து எண்ணூற்று முப்பது. முந்தைய வாரம் அட்டையில் மூவாயிரத்துத் தொள்ளாயிரம்.

அந்தப் பெண்ணின் முகம் செத்துவிட்டது. பையிலிருந்து ஒரு பால்மாவு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள்.

"நாத்தனார் வாங்கிக் குடுத்தாங்கக்கா. என் பால் தண்ணியா இருக்காம், பத்தலையாம். இந்த வாரம் எடை ஏறலைன்னா இதைக் கரைச்சே ஆகணும்னுட்டாங்க. எனக்கு மனசே இல்லக்கா."

அழுதேவிட்டாள். பையனோ கொழுகொழுவென்று காலை உதைத்துக்கொண்டு கிடந்தான்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போறான்?" என்று அக்கா கேட்டாள்.

"ஏழெட்டுத் தடவை. துணி துவைச்சு மாளல."

அக்கா அட்டையையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தாள். நாற்காலியில் கிடந்த கம்பளிப் போர்வை கண்ணில் பட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"போன வாரம் குளிருதுன்னு நீ கெஞ்சினியே, போர்வையோடயே ஏத்தினேன்ல?"

"ஆமாக்கா. இதே போர்வைதான்."

அதே போர்வையில் சுற்றி மறுபடி ஏற்றினாள். நாலாயிரத்து எண்பது. ஒரே வாரத்தில் நூற்றெண்பது கிராம் ஏறியிருக்கிறான் பயல்!

"என் தப்பும்மா," என்றாள் அக்கா. பழைய எண்ணின் குறுக்கே கோடு கிழித்து, 'போர்வையோடு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். நான் விடுவேனா?

"யானைக்கும் அடி சறுக்கிடுச்சு போல!"

"நீ உன் ஊசியைப் பாரு."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப என் பால் போதுமாக்கா?"

"தாராளமாப் போதும்."

"அதையும் அட்டையில எழுதிக் குடுங்கக்கா."

எழுதினாள், கொட்டை எழுத்தில்: 'தாய்ப்பால் போதும்.' டப்பாவைப் பைக்குள் திணித்துவிட்டு, அட்டையை மட்டும் வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தாள்.